தரையில் ஒரு தலைவர்: நாற்காலி, பானை, காற்று - கடலூர் மாவட்டத்தின் வேலையிட வரலாறு

2020 அக்டோபரில் ஒரு புகைப்படம் நம் எல்லோர் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது. சிதம்பரத்துக்குப் பக்கத்தில், புவனகிரி அருகே உள்ள தெற்குத்திட்டை ஊராட்சியின் மன்றக் கூட்டம். உறுப்பினர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊராட்சித் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் ஆதிதிராவிடர் சமூகத்துப் பெண். பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட அந்த ஊராட்சியில் தேர்தலில் நின்று, மக்கள் ஓட்டில் ஜெயித்து வந்தவர். படம் எடுக்கப்பட்டது அந்த ஆண்டு ஜூலையில். அது வெளியே வர மூன்று மாதம் ஆனது. குடியரசு நாளில் தன்னைக் கொடியேற்றவும் விடவில்லை என்று அவர் அப்போது சொன்னார். ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டு, கைது செய்யப்பட்டார். துணைத் தலைவர் மீதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது.

தோழர்களே, இந்தச் செய்தி உங்களுக்குப் புதிதல்ல. இப்போது மறுபடியும் எடுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வருகிற ஒரு தம்பிக்குப் போன வருடம் சென்னையில் ஐடி வேலை கிடைத்தது. முதல் நாளே அலுவலகப் படங்களை அனுப்பினான். முதுகு வலிக்காத நாற்காலி, ஜன்னல் ஓரம் செடி, நடுப்பகலில் படுத்துக்கொள்ள ஒரு அறை, சுவரில் கிறுக்கிக்கொள்ள வெள்ளைப் பலகை. "அண்ணா, ஆரோக்கியமா இருந்தாத்தான் புதுசா யோசிக்க முடியும்னு எங்க கம்பெனியில சொல்றாங்க" என்று எழுதியிருந்தான். சந்தோஷமாக இருந்தது. பிறகு அவனே இன்னொரு செய்தி அனுப்பினான். "எங்க அம்மாவுக்கு வேலை செய்யுற எடத்துல சேலை மாத்திக்க ஒரு மறைப்புகூட இல்லண்ணா." அவன் அம்மா ஒரு ஊரில் தூய்மைப் பணியாளர். ஒரே வீட்டில் இரண்டு வேலையிடங்கள்.

வேலையிடம் உடலுக்கும் மனதுக்கும் நல்லதாக இருக்க வேண்டும், அங்கேதான் படைப்பாற்றல் வளரும் என்று இன்று எல்லோரும் பேசுகிறார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2022 ஜூன் மாதம், பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. நல்லது. ஆனால் இந்தப் பேச்சு ஏதோ அமெரிக்கக் கம்பெனிகளிலிருந்து இறக்குமதியானது என்று நம் இளைஞர்கள் நினைக்கிறார்கள். அது தவறு. எங்கே உட்காருவது, எந்தப் பானையில் குடிப்பது, எந்தக் காற்றைச் சுவாசிப்பது, எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவது என்ற கேள்விகளைக் கேட்டுக் கேட்டு அடி வாங்கியவர்கள் நம் முன்னோர்கள். அந்த வரலாற்றில் பெரும்பங்கு நம் கடலூர், சிதம்பரம் மண்ணிலேயே இருக்கிறது.

லீவு கேட்ட நந்தன்

சிதம்பரத்தில் நின்றுகொண்டு நந்தனை விட்டுவிட்டுப் பேச முடியாது. பெரியபுராணத்தில் அவர் திருநாளைப்போவார். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர், கோயில்களின் முரசுக்குத் தோலும் வாரும் கொடுத்தவர், தில்லைக்கு நாளை போவேன் நாளை போவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி அதை நந்தனார் சரித்திரமாகப் பாடியபோது, சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்தார். வேதியர் என்ற பண்ணையார். பாரதியின் கதையில் நந்தன் ஒரு பண்ணையாள். சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறான். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர்.

பக்தியை ஒதுக்கிவைத்துவிட்டு இதைப் படித்துப் பாருங்கள். ஒரு தொழிலாளி லீவு கேட்கிறான். முதலாளி செய்து முடிக்கவே முடியாத வேலையைக் கொடுத்து லீவை மறுக்கிறான். அற்புதம் நடந்து ஒரே இரவில் பயிர் விளைந்ததாகக் கதை போகிறது. அற்புதம் நடந்தால்தான் ஒரு பண்ணையாளுக்கு விடுமுறை கிடைக்கும் என்பதைப் பாரதி தெரிந்தே எழுதினாரோ தெரியாமல் எழுதினாரோ, அந்தக் காலத்துப் பண்ணையின் நிலைமை அதில் பதிந்துவிட்டது. கேட்டவர்களில் பலர் உருகி அழுதார்கள். வயலில் நிழலுக்கு ஒரு கொட்டகையாவது போடு, வேலைக்கு ஒரு மணிக்கணக்கு வை என்று அழுதவர்கள் யாரும் கேட்கவில்லை.

கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெல் விளைந்த வயல்தான் நம் மக்களுக்குப் பல நூற்றாண்டுகளாக வேலையிடம். வீடும் பண்ணையார் கொடுத்த மனையில். வேலையை விட்டால் வீடும் போய்விடும். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரை வைத்துக் கொளுத்தியதும் கூலி உயர்வு கேட்டுச் சங்கம் வைத்ததால்தான். வேலையிடத்தைச் சரி செய் என்று கேட்டதற்கு நம் ஊரில் கொடுத்த விலை அது.

ஒரு பானை, ஒரு கோணிச்சாக்கு

காட்டுமன்னார்கோயில் பகுதியில் 1924இல் பிறந்தவர் அய்யா எல்.இளையபெருமாள். அவர் பள்ளியில் படித்தபோது தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்திருந்த தண்ணீர்ப் பானையை உடைத்த கதையை இந்தப் பகுதியில் பலரும் சொல்லக் கேட்டிருப்போம். புதுப் பானை வைப்பார்களாம், அதையும் உடைப்பாராம். கடைசியில் எல்லோருக்கும் ஒரே பானை என்று ஆனதாம். அவர் பின்னால் 1952, 1957, 1962 தேர்தல்களில் ஜெயித்து நாடாளுமன்றம் போனார்.

அண்ணல் அம்பேத்கரின் பள்ளி அனுபவம் நமக்குத் தெரியும். உட்காருவதற்கு வீட்டிலிருந்து கோணிச்சாக்கு கொண்டுபோய், மாலையில் அதைத் திரும்பத் தூக்கிவர வேண்டும். பள்ளியைக் கூட்டுகிற வேலைக்காரர்கூட அந்தச் சாக்கைத் தொட மாட்டார். அதோடு முடியவில்லை. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, பியூன்கள் கோப்பைக் கையில் கொடுக்காமல் தூரத்திலிருந்து மேசையில் எறிந்தார்கள் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தங்குவதற்கும் இடமில்லாமல் சில நாளிலேயே பரோடாவை விட்டுப் போனார். இவ்வளவு படித்த ஒரு மூளையை அந்த அலுவலகம் இழந்தது. படைப்பாற்றலைக் கொல்லும் வேலையிடம் எது என்று கேட்டால் இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டாம்.

இளையபெருமாளுக்கு வருவோம். தீண்டாமை பற்றியும் பட்டியல் சாதியினரின் கல்வி, பொருளாதார நிலை பற்றியும் ஆராய மத்திய அரசு 1965இல் ஒரு குழு அமைத்தது. அதன் தலைவர் அவர்தான். பானையை உடைத்த பையன் நாடு முழுவதும் சுற்றி, எந்தெந்த ஊரில் இன்னும் தனிப் பானை இருக்கிறது என்று அறிக்கை எழுதினார். 1969இல் அறிக்கை வந்தது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்பது அதன் முக்கியமான பரிந்துரைகளில் ஒன்று. தமிழ்நாடு அரசு 1970 டிசம்பரில் கொண்டுவந்த சட்டத் திருத்தத்துக்கு அந்த அறிக்கையைத்தான் காரணமாகக் காட்டியது.

இது கோயில் விவகாரம், வேலையிடத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கருவறையும் ஒரு வேலையிடம்தான். அர்ச்சகர் நியமனம் மதச்சார்பற்ற செயல் என்று உச்ச நீதிமன்றமே 1972இல் சொன்னது. ஆனால் ஆகமத்தை மீறக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. பட்டியல் சாதியினரும் உள்ளிட்ட, பயிற்சி முடித்த 24 அர்ச்சகர்களைத் தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் நியமிக்கும்போது இளையபெருமாள் இறந்து 16 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் தொகுதியில் இருந்த நடராசர் கோயிலுக்கு அது பொருந்தாது. 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அது பொது தீட்சிதர்களின் நிர்வாகத்தில் இருக்கிறது.

ஓமக்குளத்தில் ஒரு இடம்

மறுக்கப்பட்டதை மட்டும் பேசினால் நம் வரலாறு பாதிதான். நாமே கட்டியதும் இருக்கிறது.

ஆரணிக்குப் பக்கத்தில் 1890இல் பிறந்த முனுசாமி, துறவியாகிச் சுவாமி சகஜானந்தராகச் சிதம்பரத்துக்கு வந்தார். 1916இல் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். இன்று ஓமக்குளத்தில் நாம் பார்க்கிற நந்தனார் பள்ளிகளின் தொடக்கம் அதுதான். பள்ளியோடு சேர்த்து விடுதியும் நடத்தினார். 1926 முதல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள்ளும் போய்ப் பேசினார். 1959 மே 1 அன்று மறைந்தார்.

ஏன் விடுதி என்று யோசித்துப் பாருங்கள். சேரியிலிருந்து ஒரு பிள்ளையைப் பள்ளிக்குக் கூப்பிட்டால் மட்டும் போதாது. மாலையில் அது திரும்பிப் போகிற இடத்தில் விளக்கு இல்லை, வயிற்றுக்குச் சோறு இல்லை, அறுவடைக் காலமென்றால் வயலுக்கு இழுத்துப்போக ஆள் நிற்கிறான். படிப்பு என்பது ஒரு உழைப்பு. அந்த உழைப்புக்கு உட்கார இடம், வெளிச்சம், சோறு, தூக்கம், பயமில்லாத ஒரு சுவர் வேண்டும். சகஜானந்தர் கொடுத்தது அதைத்தான். அவருடைய ஆன்மிகத்திலும் காங்கிரஸ் அரசியலிலும் நமக்கு முரண்பாடுகள் உண்டு. ஆனால் நந்தன் வெளியே நின்ற ஊரில், நந்தன் பெயராலேயே நம் பிள்ளைகள் உள்ளே உட்கார ஒரு கட்டடம் எழுப்பினாரே, அதை மறக்கக் கூடாது. கடலூர், விழுப்புரம், நாகை பக்கத்துக் குடும்பங்களில் முதல் தலைமுறைப் பட்டதாரி யார் என்று கேட்டுப் பாருங்கள். பல வீட்டில் பதில் ஓமக்குளத்துக்கு வந்து சேரும்.

அம்பேத்கரும் இதைத்தான் செய்தார். பம்பாய் தாதரில் 1930களில் ராஜகிருகம் என்ற வீட்டைக் கட்டியபோது, அதைத் தன் புத்தகங்களுக்காகத் திட்டமிட்டுக் கட்டினார். கோணிச்சாக்கில் உட்கார்ந்த பையன் தனக்கான படிப்பறையைத் தானே வடிவமைத்தார். அந்த ராஜகிருகத்தின் பூந்தொட்டிகளையும் ஜன்னல் கண்ணாடிகளையும் 2020 ஜூலையில் உடைத்தார்கள். தெற்குத்திட்டையில் தலைவர் தரையில் உட்கார்ந்த அதே ஜூலை.

சட்டம் கொடுத்தது, சட்டம் எட்டாதது

அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினர். இதைப் பற்றி நம் பிள்ளைகள் ஒரு செய்தியைப் பகிர்கிறார்கள்: 14 மணி நேர வேலையை 8 மணி நேரமாக்கினார் என்று. பகிரும் முன் சரியாகத் தெரிந்துகொள்வோம். 1934ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளுக்கு வாரம் 54 மணி நேரம் என்று வைத்திருந்தது. அதை 48 மணி நேரமாகக் குறைத்த திருத்தம் 1946இல் வந்தது. அவர் பொறுப்பில் இருந்தபோது வந்தது. உண்மையே போதுமான அளவு பெரிது, அதை ஊதிப் பெரிதாக்கி எதிரி கையில் கொடுக்க வேண்டாம். அந்த 48ஐ 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் ஒரு மசோதா அசைத்துப் பார்த்தது. ஒரு நாளைக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது.

1948 தொழிற்சாலைச் சட்டத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். ஒரு தொழிலாளிக்கு 14.2 கன மீட்டர் இடம், காற்றோட்டம், வெளிச்சம், குடிதண்ணீர், கழிப்பறை, 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேன்டீன், 30 பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம், நின்றுகொண்டு வேலை செய்கிறவர்கள் இடையில் உட்கார ஏற்பாடு. இன்றைய கம்பெனிகள் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசுகிற பலவும் அதில் அடித்தளமாக இருந்தது.

ஆனால் அந்தச் சட்டம் தொழிற்சாலை வாசலோடு நின்றுவிட்டது. வயலுக்கு வரவில்லை. செங்கல் சூளை, முந்திரி உடைக்கிற திண்ணை, வீட்டுவேலை, தெருக்கூட்டல் என்று நம் மக்கள் அதிகமாக இருந்த இடங்களுக்கு அது முழுதாக எட்டவே இல்லை. துணிக்கடைப் பெண்கள் பத்து மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்தார்கள். கோழிக்கோட்டில் அந்தப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடி, 2018இல் கேரளம் சட்டம் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் திருத்தியது. மசோதாவைச் சட்டமன்றத்தில் வைத்த அப்போதைய தொழிலாளர் நல அமைச்சர் சி.வி.கணேசன், அப்போது நம் மாவட்டத்துத் திட்டக்குடி தனித்தொகுதியின் உறுப்பினராக இருந்தார்.

கடையில் ஒரு பெண் உட்கார 2021இல் சட்டம் வந்துவிட்டது. ஊராட்சி அலுவலகத்தில் ஒரு தலைவர் உட்காருவதற்கான சட்டம் அதற்கு முன்பே இருந்தது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதி, பழங்குடி ஊராட்சிப் பிரதிநிதிகளைக் கடமை செய்யவிடாமல் தடுப்பதையே குற்றம் என்கிறது. 1997இல் மேலவளவு முருகேசனும் மற்றவர்களும் பதவிக்காக வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு, பாப்பாப்பட்டியிலும் கீரிப்பட்டியிலும் 2006 வரை தலைவர் பதவிக்கு நம்மை வரவிடாமல் செய்த பிறகு, அந்தத் திருத்தம் வந்தது. அப்படியும் தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 2022இல் எடுத்த ஆய்வில், இருபதுக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் பட்டியல் சாதித் தலைவர்களுக்கு உட்கார நாற்காலி இல்லை என்று தெரிந்தது.

'யாரும் கையைப் பிடித்துத் தரையில் தள்ளவில்லையே, அவரே போய் நாற்காலியில் உட்கார வேண்டியதுதானே' என்று கேட்பவர்கள் உண்டு. வேலையிடம் என்பது மேசை நாற்காலிக் கணக்கு மட்டுமல்ல என்பது இங்கேதான் புரிய வேண்டும். அறையில் நாற்காலிகள் இருந்தன. ஆனால் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது கூலிக்கு, கடைக்கு, தண்ணீருக்கு, வழிக்கு யாரிடம் போய் நிற்க வேண்டும் என்ற கணக்கும் அந்த அறையில் இருந்தது.

உப்பனாற்றுக் காற்று

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் பேருந்தில் வந்திருப்பீர்கள். சிப்காட் வந்ததும் ஜன்னலை மூடுவோம். சாலைக்கும் உப்பனாற்றுக்கும் நடுவில் 1980களில் வந்த தொழிற்பேட்டை அது. மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம், ரசாயனம். நாம் ஜன்னலை மூடிக்கொண்டு பத்து நிமிடத்தில் கடந்துவிடுகிறோம். ஈச்சங்காடும் குடிகாடும் சங்கொலிக்குப்பமும் எங்கே போகும்?

அங்கே மக்கள் செய்ததுதான் நாம் படிக்க வேண்டிய பாடம். 2004 வாக்கில் கிராமத்து மக்களே குழு அமைத்து, எந்த நேரத்தில் எந்தப் பக்கமிருந்து என்ன வாடை வந்தது, யாருக்குக் கண் எரிந்தது, யாருக்கு மூச்சு அடைத்தது என்று நோட்டுப் போட்டு எழுதினார்கள். சாதாரண பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். வந்த முடிவில் புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனங்களும் இருந்தன. அதுவரை 'நாற்றம்' என்று அதிகாரிகள் தட்டிக்கழித்தது அதன் பிறகு ஆவணம் ஆனது.

ஆனாலும் உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு ஆபத்து குறையவில்லை. 2021 மே மாதம் அந்தத் தொழிற்பேட்டையின் ஒரு பூச்சிக்கொல்லி ஆலையில் நடந்த விபத்தில் நான்கு பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய செப்டம்பரில் காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில் குருங்குடியில் பட்டாசு வெடித்து ஏழு பெண்கள் அன்றே இறந்தார்கள், எண்ணிக்கை பிறகும் ஏறியது. அந்த விபத்து நடந்து ஒரு மாதத்தில்தான் தெற்குத்திட்டைப் படம் வெளிவந்தது. ஒரே மாவட்டம், ஒரே ஆண்டு. ஒரு வேலையிடத்தில் உயிருக்குக் காப்பு இல்லை, இன்னொன்றில் உட்கார இடமில்லை.

நாம் செய்யக்கூடியது

நீங்கள் கட்டடக்கலை படிக்கலாம், சட்டம் படிக்கலாம், செவிலியர் படிப்பு படிக்கலாம். நல்ல வேலையிடம் எப்படி இருக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கும்போது வெளிச்சம், செடி, நிறம் எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளுங்கள். அதெல்லாம் நம் மக்களுக்கும் வேண்டும். அதோடு நம் வரலாறு கேட்ட கேள்விகளையும் கேளுங்கள்: இங்கே யார் நிற்கிறார்? யார் தரையில் இருக்கிறார்? டம்ளர் எத்தனை வகை? லீவு கேட்டால் யாருக்கு நாற்பது வேலி வேலை கிடைக்கிறது?

விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்குள் போய்ப் பாருங்கள். தலைவர் பெயர் பலகையில் இருக்கிறதா, அவர் நாற்காலி எங்கே இருக்கிறது, அதில் யார் உட்காருகிறார், கிராம சபை நோட்டு யார் கையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தூய்மைப் பணியாளர்களிடம் போய், கை கழுவ எங்கே போகிறீர்கள், சேலை மாற்ற எங்கே போகிறீர்கள் என்று கேளுங்கள். வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள். உட்கார்ந்து பேசினால் சொல்வார்கள். தேதி போட்டு எழுதுங்கள். ஈச்சங்காட்டு மக்கள் வாடையை எழுதியதுபோல எழுதுங்கள். தெற்குத்திட்டையில் வழக்கு வந்தது ஒரு படம் இருந்ததால்தான். படம் எடுக்கப்படாத தெற்குத்திட்டைகள் எத்தனை என்பதை நாம்தான் கணக்கெடுக்க வேண்டும்.

அந்தத் தம்பி இப்போது தன் அம்மா வேலை செய்யும் இடத்தில் ஒரு மறைப்பறையும் தண்ணீர்க் குழாயும் கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறான். முதல் வரைவை எங்களுக்கு அனுப்பினான். அளவுகளோடு ஒரு படமும் வரைந்திருக்கிறான். ஜன்னல் எந்தப் பக்கம் வர வேண்டும் என்றுகூடக் குறித்திருக்கிறான்.